கழுத்தில் கிடைக்காத பாராதைராய்டு கட்டி நெஞ்சுக்குள் இருந்தால்: துளைவழி அறுவை போதுமா?

கேள்வி இது: "அம்மாவுக்கு வயது 54. இரத்தத்தில் கால்சியம் 11.8, பாராதைராய்டு ஹார்மோன் 190. போன ஆண்டு கழுத்தில் அறுவை செய்தார்கள். கட்டி கிடைக்கவில்லை, கால்சியமும் இறங்கவில்லை. இப்போது ஸ்கேனில் நெஞ்சுக்குள், இதயத்துக்குச் சற்று மேலே, 15 மில்லிமீட்டர் அளவில் ஒன்று தெரிகிறது என்கிறார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாக எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். நெஞ்சைத் திறந்து எடுப்பதுதான் நிச்சயம் என்கிறார் இன்னொருவர். எது சரி? கழுத்தில் இருக்க வேண்டிய சுரப்பி நெஞ்சுக்கு எப்படிப் போனது?"

இருவரில் யார் பக்கம் என்று கேட்டால், நான் முதலாமவர் பக்கம். நெஞ்சுக்குள் இருக்கும் பாராதைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவற்றை இன்று மார்பெலும்பைப் பிளக்காமலே எடுத்துவிட முடிகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கட்டி இருக்கும் இடம் கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சைத் திறந்தால் விரலால் தடவித் தேடலாம். துளை வழியாகப் போகும்போது அந்த வசதி இல்லை. தேடும் வேலை ஸ்கேன் அறையிலேயே முடிந்துவிட வேண்டும், அறுவை அரங்கில் எடுக்கும் வேலை மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும். நெஞ்சு அறுவைப் பிரிவில் வேலை செய்பவன் நான். ஆனாலும் இந்தப் பதிலில் பாதி அறுவைக்கு முந்தைய விஷயமாகவே இருக்கும். அம்மாவின் படங்களை நான் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கழுத்துச் சுரப்பி நெஞ்சுக்கு வந்த கதையை முதலில் பார்ப்போம். பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு. தைராய்டின் பின்புறம், பக்கத்துக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான். எடை 30 முதல் 50 மில்லிகிராம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் அதை மீட்டுக் கொண்டுவருவது இவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்தால் ஹார்மோன் தேவைக்குமேல் சுரந்து இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்; அம்மாவின் நோய் அதுதான். கரு வளரும்போது இவை கழுத்தின் மேற்பகுதியில் உருவாகி, பிறகு தமக்குரிய இடத்துக்கு இறங்குகின்றன. கீழ்ச் சுரப்பிகள் இரண்டும் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பியோடு ஒரே மொட்டிலிருந்து பிறப்பவை. தைமஸ் நெஞ்சுக்குள் இறங்கும்போது இவை பாதிவழியில் பிரிந்து தைராய்டின் அடியில் தங்கிவிட வேண்டும். சிலருக்குப் பிரிவதில்லை; தைமஸோடு சேர்ந்தே நெஞ்சுக்குள் போய்விடுகின்றன. அதனால்தான் நெஞ்சில் கிடைக்கும் பாராதைராய்டு கட்டிகளில் பெரும்பகுதி தைமஸுக்குள்ளேயோ அதை ஒட்டிய கொழுப்பிலேயோ, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கின்றன.

மேல்ச் சுரப்பிகள் இவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. ஆனால் அவற்றில் கட்டி வந்து எடை கூடினால், உணவுக்குழாயை ஒட்டிப் பின்பக்கமாக மெல்லக் கீழே சரியும். அது பின்நெஞ்சில் போய் நிற்கும். சிலருக்குச் சுரப்பிகள் நான்கல்ல, ஐந்து. அந்த ஐந்தாவது தைமஸில் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. இவற்றைத் தவிர, பெருந்தமனியின் வளைவுக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஒளிந்திருக்கும் கட்டி அரிது. ஆனால் எல்லாவற்றிலும் தொல்லை கொடுப்பது அதுதான்.

ஆகவே இது எங்கிருந்தோ பரவி வந்த நோய் அல்ல. பிறக்கும்போதே அங்கே இருந்த சுரப்பியில் பின்னாளில் கட்டி வந்திருக்கிறது. பாராதைராய்டு கட்டிகளில் புற்றுநோய் 1 சதவீதத்துக்கும் குறைவு. கால்சியம் 14-ஐத் தாண்டி, ஹார்மோன் பல மடங்கு ஏறியிருந்தால்தான் அந்த ஐயம் வலுப்படும். அம்மாவின் எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

போன ஆண்டு அறுவை செய்தவர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கலாம். இடம் மாறிய சுரப்பி கழுத்துக்குள் தேடுபவரின் கண்ணில் படாமல் போவது, கை தேர்ந்தவர்களுக்கும் நேர்வதுதான். இந்த நோயின் தொடக்ககால வரலாற்றிலேயே அப்படி ஒரு கதை உண்டு. சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவருக்கு எலும்புகள் கரைந்து, உடைந்து, உயரம் ஏறத்தாழ 7 அங்குலம் குறைந்துவிட்டது. கழுத்தில் ஆறு முறை அறுவை செய்தும் கட்டி கிடைக்கவில்லை. அவரே மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூறு நூல்களைப் படித்தார், நெஞ்சைத் திறந்து பாருங்கள் என்று மருத்துவர்களை வற்புறுத்தினார் என்பார்கள். 1932-ல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்வர்ட் சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் ஏழாவது முறையாக அறுவை செய்தபோது, நெஞ்சுக்குள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கட்டி கிடைத்தது. எலும்பு அரிப்புக்கு விடை கிடைத்தும் மனிதர் பிழைக்கவில்லை. சிறுநீரகக் கல் தந்த சிக்கலால் சில வாரங்களில் இறந்துபோனார். இன்றைய ஸ்கேன்கள் அன்று இருந்திருந்தால் அந்த ஆறு தோல்விகளில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

இப்போது அம்மாவின் விஷயம். முதல் அறுவை தோற்ற பிறகு, நோய் அதுதானா என்று மறுபடி அடியிலிருந்து சரிபார்க்க வேண்டும். ஸ்கேனில் ஒன்று தெரிகிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. இந்த நோயைக் கண்டுபிடிப்பது இரத்தப் பரிசோதனை. ஸ்கேன் இடம் காட்ட மட்டுமே. அதனால் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்துக்கு ஏற்பத் திருத்திய கால்சியம், ஹார்மோன் அளவு, வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றோடு 24 மணிநேரச் சிறுநீரில் கால்சியம் எவ்வளவு போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பரம்பரையாக வரும் ஒரு நிலை உண்டு. அதில் கால்சியமும் ஹார்மோனும் கூடியிருப்பதுபோலவே தோன்றும், ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். அவர்களுக்கு அறுவை எந்தப் பயனும் தராது. கழுத்தில் தேடி ஒன்றும் கிடைக்காதவர்களில் இப்படிப்பட்டவர்கள் கலந்திருப்பார்கள்.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகளும், மனநலச் சிகிச்சையில் பயன்படும் லித்தியமும் கால்சியத்தை ஏற்றும். முடி வளர்ச்சிக்கென்று சாப்பிடும் பயோட்டின், சில ஆய்வகக் கருவிகளில் ஹார்மோன் அளவைத் தவறாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்கு முன் அதை நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

அடுத்து, முதல் அறுவையின் குறிப்பையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான்கு சுரப்பிகளில் எவற்றைக் கண்டார்கள், எதையாவது எடுத்தார்களா, எடுத்தது உண்மையில் பாராதைராய்டுதானா என்பது அதில்தான் இருக்கும். கழுத்தில் மூன்று நல்ல சுரப்பிகளைப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டார்கள், நான்காவது கிடைக்கவில்லை என்றால், அது நெஞ்சில் இருக்கிறது என்பதற்கு வலுவான துப்பு. மாறாக, தேடும் பதற்றத்தில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள் என்றால் நிலைமை வேறு. நெஞ்சில் இருக்கும் கட்டியையும் எடுத்துவிட்டால் உடம்பில் பாராதைராய்டே இருக்காது. ஆயுள் முழுக்கக் கால்சியத்தையும் செயல்படும் வைட்டமின் டியையும் நம்பி வாழ வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு, எடுத்த திசுவில் ஒரு சிறு பகுதியை முன்கைத் தசையில் பதியவைப்பது, வசதியுள்ள இடங்களில் உறைநிலையில் சேமித்து வைப்பது என்று முன்பே திட்டமிடுவார்கள். இன்னொன்று: முதல் முறை தவறவிட்ட கட்டி பெரும்பாலும் கழுத்திலேயேதான் இருக்கும். நெஞ்சைக் கை காட்டுவதற்கு முன் கழுத்தை நம்பிக்கையோடு விலக்கியிருக்க வேண்டும்.

இனி ஸ்கேன். அல்ட்ராசவுண்ட் கழுத்துக்கு நல்லது. மார்பெலும்புக்குப் பின்னால் அதற்குப் பார்வை இல்லை. முதலில் செய்வது பெரும்பாலும் செஸ்டாமிபி ஸ்கேன். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி, உடனே ஒரு படம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து ஒரு படம் எடுப்பார்கள். தைராய்டிலிருந்து மருந்து வெளியேறிவிடும், பாராதைராய்டு கட்டியில் தங்கிவிடும். இதில் ஒரு சங்கடம்: இந்த மருந்து முதலில் இதயத் தசையைப் படம்பிடிக்கவே உருவானது. ஆகையால் இதயமும் பிரகாசமாக ஒளிரும். இதயத்தை ஒட்டிய சிறு கட்டி அந்த ஒளியில் மறைந்துபோகலாம். தட்டையான படத்தோடு நிறுத்தாமல், சி.டி.யோடு இணைத்த முப்பரிமாணப் படமாக எடுக்கச் சொல்வது இதனால்தான். அதோடு, தைமஸ் கட்டியும் நிணநீர்க் கணுவும் சில நேரம் இதே மருந்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றும்.

இரண்டாவது, நான்கு பரிமாண சி.டி. நான்காவது பரிமாணம் நேரம். இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, அது தமனியில் இருக்கும்போதும் சிரைக்கு வந்தபோதும் தனித்தனியாகப் படம் எடுக்கிறார்கள். பாராதைராய்டு கட்டி சட்டென்று ஒளிர்ந்து சட்டென்று மங்கும்; நிணநீர்க் கணு மெதுவாகத்தான் ஒளிரும். அறுவை செய்பவருக்கு இந்தப் படம்தான் உயிர். கட்டிக்கும் பெருந்தமனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், எந்தச் சிறு தமனி அதற்கு இரத்தம் கொடுக்கிறது, மார்பெலும்புக்குப் பின்னால் குறுக்காக ஓடும் பெரிய சிரைக்கு மேலேயா கீழேயா என்று எல்லாம் இதில் படிக்கலாம். மூன்றாவது, ஃபுளூரோகோலின் பெட் ஸ்கேன். சிறிய கட்டிகளைப் பிடிப்பதில் செஸ்டாமிபியைவிட இது தேர்ந்தது என்பது இப்போது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

என் கணக்கு எளிது. சுரப்பி செயல்படுவதைக் காட்டும் ஒரு ஸ்கேன் (செஸ்டாமிபி அல்லது பெட்), உடற்கூற்றைக் காட்டும் ஒரு ஸ்கேன் (சி.டி.), இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டினால் அறுவைக்குப் போகலாம். சுட்டவில்லை என்றால் நிறுத்திவைத்து மேலும் பார்க்க வேண்டும். கழுத்து, நெஞ்சுச் சிரைகளில் குழாய் விட்டுப் பல இடங்களில் இரத்தம் எடுத்து, எங்கே ஹார்மோன் கூடுகிறது என்று பார்ப்பது அந்த நிலையில் உதவும். "உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நான் அம்மாவை அங்கே அனுமதிக்க மாட்டேன். ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பாராதைராய்டில் அது நல்ல யோசனை அல்ல. கட்டியின் உறை கிழிந்து செல்கள் சிந்தினால், அவை விழுந்த இடத்திலெல்லாம் முளைத்து ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அதை முழுவதும் துடைத்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இடம் தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். "நெஞ்சில் இருக்கிறது" என்று ஸ்கேன் அறிக்கை சொன்னாலும் எல்லாவற்றுக்கும் நெஞ்சு வழி தேவைப்படாது. தைமஸின் மேல்நுனிகள் கழுத்துவரை நீண்டிருக்கும். கட்டி அந்தப் பகுதியில், பெரிய சிரைக்கு மேலே இருந்தால் கழுத்திலிருந்தே தைமஸை மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். பின்பக்கமாகச் சரிந்த மேல்ச் சுரப்பிக்கு இரத்தக் குழாய் கழுத்திலிருந்தே வரும். அதையும் பல நேரம் கழுத்து வழியாகவே எடுத்துவிடலாம். கழுத்திலிருந்து எட்டவே எட்டாதவை மொத்த நோயாளிகளில் 1 முதல் 2 சதவீதம் பேருக்குத்தான். பெரிய சிரைக்குக் கீழே தைமஸின் உடற்பகுதியில், இதய உறையின்மேல், அல்லது நான் சொன்ன அந்தத் தமனிச் சந்தில் இருப்பவை அவை. உங்கள் கேள்வியில் இருக்கும் "இதயத்துக்குச் சற்று மேலே" என்ற விவரம் இந்த வகைபோலத் தெரிகிறது. ஆனால் அது போதாது. மருத்துவரிடம் படத்தைத் திரையில் காட்டச் சொல்லி, பெருந்தமனி வளைவு எது, பெரிய சிரை எது, கட்டி அவற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதைக் காட்டத் தயங்க மாட்டார்.

முன்பெல்லாம் இந்த 1–2 சதவீதத்தினருக்கு வழி ஒன்றுதான்: மார்பெலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளப்பது. 15 மில்லிமீட்டர் கட்டிக்காக அவ்வளவு பெரிய கதவைத் திறந்து, பிறகு கம்பி போட்டுக் கட்டி, எலும்பு ஒட்ட இரண்டு மூன்று மாதம் கனம் தூக்காமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே இந்த நோயால் எலும்பு மெலிந்தவர்களுக்கு அந்த எலும்பு சரியாக ஒட்டுமா என்ற கவலை வேறு. 1994-ல் ரிச்சர்ட் பிரின்ஸ் குழுவினர், நெஞ்சுக்குள் கேமரா விட்டுப் பாராதைராய்டு கட்டியை எடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகெங்கும் சிறுசிறு எண்ணிக்கையில் செய்துவருகிறார்கள். நோய் அரிது என்பதால் ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு எதிர்பார்க்க முடியாது. இடம் சரியாகத் தெரிந்தவர்களுக்குத் துளைவழியில் கட்டி கிடைத்துவிடுகிறது, மருத்துவமனையில் தங்கும் நாள் குறைகிறது என்பதில் அந்த அனுபவங்கள் ஒன்றுபடுகின்றன.

அறுவை நாளன்று என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் பாதி மயக்கவியல் மருத்துவருடையது. இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழியுள்ள ஒரு குழாயை மூச்சுக்குழாயில் வைப்பார். அறுவை செய்யும் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினால் அது சுருங்கி ஒதுங்கும். மறுபக்க நுரையீரல் மட்டுமே உடலுக்கு ஆக்சிஜன் கொடுக்கும். இதைத் தாங்கும் நுரையீரல் இருக்கிறதா என்பதை முன்பே ஊதிப்பார்க்கும் பரிசோதனையில் தெரிந்துகொள்வார்கள். நீண்ட நாள் புகைத்தவர்கள், நுரையீரல் நோயாளிகள் இங்கே தடுக்கப்படலாம்.

பிறகு ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, விலா எலும்புகளின் இடையில் பொதுவாக மூன்று துளைகள். ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். சிலர் 3–4 சென்டிமீட்டரில் ஒரே வெட்டு போட்டு எல்லாவற்றையும் அதன் வழியே விடுவார்கள். சிலர் மார்பெலும்பின் கீழ்முனைக்கு அடியில் நுழைவார்கள். எந்தப் பக்கம் என்பதைக் கட்டிதான் தீர்மானிக்கும். தமனிச் சந்தில் இருந்தால் இடப்பக்கம்தான். கார்பன் டை ஆக்சைடைக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்தினால் இடம் இன்னும் விரியும்.

திரையில் முதலில் தெரிவது மஞ்சள் கொழுப்பு. அதற்குப் பின்னால் இதய உறை துடித்துக்கொண்டிருக்கும். அந்த உறையின்மேல் மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைக் கோடு உதரவிதான நரம்பு. பக்கத்திலேயே ஒரு மெல்லிய தமனியும் சிரையும் அதற்குத் துணையாக ஓடும். அதைக் கண்டுபிடித்து, "இதோ நரம்பு" என்று குழுவில் எல்லாருக்கும் காட்டிய பிறகுதான் மற்ற வேலை. அந்த நரம்பு சுட்டுவிட்டால் உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழந்து மேலேறிவிடும். படி ஏறினாலே மூச்சு வாங்கும். நரம்புக்கு முன்னால் தைமஸைக் கொழுப்போடு சேர்த்து இதய உறையிலிருந்து உரித்து, மேலே போகப் போக நீலநிறத்தில் பெரிய சிரை குறுக்காகத் தெரியும். தைமஸிலிருந்து அதற்குள் வடியும் குட்டிச் சிரைகளைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அதில் ஒன்று கிழிந்தால் திரை முழுக்கச் சிவப்பு. அரங்கில் பேச்சு நிற்பது அந்த இடத்தில்தான்.

கட்டி தெரியும்போது அதன் நிறம் காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் வெளிர்மஞ்சள் கொழுப்பு, நடுவே செம்பழுப்பாக, வழவழப்பாக, மெல்லிய உறையோடு ஒரு முட்டை வடிவம். நிணநீர்க் கணு பெரும்பாலும் சாம்பலும் கறுப்புமாக இருக்கும். பல நேரம் கட்டி கண்ணுக்கே தெரியாது, தைமஸுக்குள் புதைந்திருக்கும். அப்போது தேடித் தோண்டக் கூடாது; ஸ்கேன் காட்டிய பகுதியை உள்ளடக்கித் தைமஸையே எடுத்துவிடுவது நல்லது. வயது வந்தவர்களுக்குத் தைமஸ் இல்லாததால் அன்றாட வாழ்க்கையில் குறை எதுவும் தெரிவதில்லை. கட்டியை நேரடியாகக் கவ்விப் பிடிக்காமல், சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்து நகர்த்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. உறை கிழியக் கூடாது என்று மேலே சொன்ன காரணமேதான். பிரித்த பிறகு ஒரு சிறு பைக்குள் போட்டுத் துளை வழியாக வெளியே இழுப்பார்கள். வெறுமனே இழுத்தால் துளையின் விளிம்பில் சிந்தலாம்.

கட்டி வெளியே வந்ததும் எல்லாரும் கைகட்டிக் காத்திருப்பார்கள். பாராதைராய்டு ஹார்மோனின் அரை ஆயுள் 3 முதல் 5 நிமிடம்தான். சரியான கட்டியை எடுத்திருந்தால் 10 நிமிடத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே விழுந்துவிட வேண்டும். அறுவைக்கு முன் ஒரு மாதிரி, கட்டியைப் பிரிக்கும் தறுவாயில் ஒரு மாதிரி, எடுத்து 10 நிமிடம் கழித்து ஒரு மாதிரி. கட்டியைத் தொட்டு அசைக்கும்போது ஹார்மோன் வழிந்து அளவு ஏறலாம் என்பதால் முதல் இரண்டில் எது கூடுதலோ அதோடு ஒப்பிடுவார்கள். எடுத்த திசுவை உறையவைத்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கும் உறைதிசுப் பரிசோதனையும் செய்வார்கள், ஆனால் அது "இது பாராதைராய்டுதான்" என்று மட்டும் சொல்லும். வேறு எங்கும் கட்டி இல்லை என்று சொல்லாது. அந்தச் செய்தியை ஹார்மோன்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் ஒரு முறை தோற்றுவிட்ட அம்மாவைப் போன்றவருக்கு, அரங்கிலேயே இந்த அளவீடு செய்யும் வசதி இல்லாத இடத்தில் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பேன்.

தமனிச் சந்துக் கட்டிக்குத் தனி எச்சரிக்கை. குரல் நாணை இயக்கும் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் வளைந்து, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. அது வளையும் இடமே இந்தச் சந்துதான். போன ஆண்டுக் கழுத்து அறுவையில் வலப்பக்க நரம்புக்குச் சேதம் நேர்ந்திருந்து, அது யாருக்கும் தெரியாமல் இருந்தால்? இப்போது இடப்பக்கமும் பழுதானால் இரண்டு நாண்களும் நின்றுபோய் மூச்சு அடைக்கும் நிலை வரும். ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தவர்களில் சிலருக்குக் குரல் மாற்றமே தெரியாது. ஆகவே குரல் நன்றாக இருந்தாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல் நாண்களை ஒருமுறை கேமராவில் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ரோபோ பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் கை அசைவை உள்ளே இருக்கும் கருவிக்குக் கடத்துகிறது. மணிக்கட்டுபோல வளையும் முனையும் முப்பரிமாணப் பார்வையும் தைமஸ் பகுதியின் குறுகலில் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் சாதாரணக் கேமரா அறுவையில் நூற்றுக்கணக்கில் தைமஸ் எடுத்தவரை விட்டுவிட்டு, ரோபோ இருக்கிறது என்பதற்காக வேறிடம் ஓட வேண்டியதில்லை. அகச்சிவப்பு ஒளியில் பாராதைராய்டு தானாக ஒளிரும் தன்மையைப் பயன்படுத்தும் கேமராக்களும் வந்திருக்கின்றன. அந்த ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் ஊடுருவாது. கொழுப்புக்குள் புதைந்த கட்டியைத் தேட அது உதவாது. கண்ணுக்குத் தெரிந்ததை உறுதிசெய்ய உதவலாம்.

நெஞ்சைத் திறப்பதுதான் நிச்சயம் என்ற இரண்டாவது மருத்துவரை நான் அடியோடு தள்ளவில்லை. கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, புற்றுநோய் ஐயம் இருந்தாலோ, பெரிய இரத்தக் குழாயோடு ஒட்டியிருந்தாலோ திறப்பதே சரி. அந்தப் பக்கத்தில் முன்பே அறுவை நடந்திருந்தாலும், கடும் தொற்று வந்து போயிருந்தாலும் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். கேமராவுக்கு வழி கிடைக்காது. துளைவழியில் தொடங்கிய பிறகு இரத்தக் கசிவு கட்டுப்படவில்லை என்றாலும் திறக்க வேண்டிவரும். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்; திறக்கத் தயங்குபவர்தான் ஆபத்தானவர். சம்மதப் படிவத்தில் இந்த வரி இருக்கும், இருக்க வேண்டும்.

அறுவையே வேண்டாம் என்றால்? சினகால்செட் மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும், எலும்பு மெலிவைச் சரிசெய்யாது. மயக்க மருந்தைத் தாங்காதவர்களுக்கு அது ஒரு தாங்குகோல். கட்டிக்கு இரத்தம் கொடுக்கும் தமனிக்குள் நுண்குழாய் விட்டு அதைச் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு, சில பெரிய மையங்களில் மட்டும். 54 வயதில், கால்சியம் இயல்பின் உச்சவரம்பைவிட 1 மில்லிகிராமுக்குமேல் கூடியிருக்கும்போது, அறுவையைத் தவிர்ப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

அறுவைக்குப் பிறகு நெஞ்சில் ஒரு வடிகுழாய் இருக்கும். காற்றும் நீரும் நின்றதும், பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். துளைவழி என்பதால் வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலாவின் அடியில் ஓடும் நரம்பைக் கருவி அழுத்துவதால், மார்புக்குக் கீழே எரிச்சலும் மரத்த உணர்வும் சில வாரங்கள் இருக்கலாம். மூச்சுப் பயிற்சியை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்குத்தான் சளி தேங்கும்.

நீங்கள் உண்மையில் விழிப்பாக இருக்க வேண்டியது கால்சியம் விஷயத்தில். இத்தனை நாள் கட்டியின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருந்தது. அது நின்றதும் எலும்பு இழந்ததை வேகமாக உள்ளே இழுக்கும். மற்ற சுரப்பிகளோ நீண்ட ஓய்வில் இருந்து உடனே வேலைக்கு வராது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கால்சியம் அடிமட்டத்தைத் தொடும். அதாவது பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகு. உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தால் அது முதல் அறிகுறி. கை விரல்கள் தானாக மடங்கி இறுகினால் அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைக்கு முன் அல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பில் நடக்கும் மாற்றத்தைக் காட்டும் ஓர் இரத்த நொதி) கூடியிருந்தவர்கள், வைட்டமின் டி குறைந்தவர்கள் இதில் கூடுதலாகத் தவிப்பார்கள். அதனால்தான் வைட்டமின் டி குறைவை மருத்துவரின் மேற்பார்வையில் முன்பே சரிசெய்கிறார்கள். கால்சியம் மாத்திரை எவ்வளவு, எந்த நாளில் இரத்தம் பார்ப்பது, நடு இரவில் கை மரத்தால் யாரை அழைப்பது என்பதை எழுதி வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள்.

நோய் தீர்ந்தது என்று சொல்வதற்கு 6 மாதம் ஆக வேண்டும். அப்போதும் கால்சியம் இயல்பாக இருந்தால் குணமானதாகக் கணக்கு. இடையில் கால்சியம் சரியாக இருந்தும் ஹார்மோன் மட்டும் சற்றுக் கூடியிருப்பதாக ஓர் அறிக்கை வந்தால் பதற வேண்டாம். வைட்டமின் டி குறைவாலும், எலும்பு இன்னும் கால்சியத்தை உள்வாங்கிக்கொண்டிருப்பதாலும் அப்படி வருவது உண்டு. எலும்பு அடர்த்தியை ஓராண்டு கழித்து, முன்கை எலும்பையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். இந்த நோய் முதலில் கைவைப்பது அங்கேதான். அம்மாவுக்கு நெருங்கிய உறவில் வேறு யாருக்காவது கால்சியம் கூடுதலோ, சிறு வயதிலேயே சிறுநீரகக் கல்லோ, பிட்யூட்டரி அல்லது கணையக் கட்டியோ இருந்தால் அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பரம்பரை வகையாக இருந்தால் ஒரு கட்டியோடு கதை முடியாது. அறுவைத் திட்டமே மாறும்.